மூடித் திறந்த ஓடை

சில வருஷங்களுக்கு முன் சோல் நகரத்தில் ஒரு மியூசியம் பார்த்தேன். ராஜா ராணிகளுக்கல்ல; சொங்கியெச்சொன் என்ற ஓடைக்காக வைத்தது. 1760-இல் யொங்ஜோ மன்னர் ஏராளமான ஆட்களைத் திரட்டித் தூர் வாரிய ஓடை அது. கொரிய யுத்தத்துக்குப் பிறகு அகதிகள் கரையெல்லாம் பலகைக் குடிசை போட்டார்கள், ஓடை சாக்கடையாயிற்று. 1958-இல் அதைச் சிமென்ட் போட்டு மூட ஆரம்பித்தார்கள். பிறகு மேலே மேம்பாலம் வேறு. குடிசைக்காரர்களைக் கிளப்பிவிட்டார்கள். 2003-இல் பாலத்தை இடித்து, 2005-இல் ஓடையைத் திறந்தார்கள். இந்தத் தடவை கிளம்பியவர்கள் நடைபாதை வியாபாரிகள்.

ஓடுவது பெரும்பாலும் ஹான் நதியிலிருந்து பம்பு வைத்து ஏற்றும் தண்ணீர்தான். இருக்கட்டுமே, கால் நனைத்தபோது ஜில்லென்றுதான் இருந்தது. மியூசியத்துக்கு எதிரே அந்தப் பழைய குடிசைகளை அச்சாகத் திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். வெகு சுத்தமாக இருந்தன.