பழைய ஜீப் பராமரிப்புக் கருவிகள்

பழைய ஜீப் பராமரிப்புக் கருவிகள் என்பவை, வில்லிஸ் வடிவமைப்பில் இருந்து தோன்றிய நான்கு சக்கர இயக்க ஊர்திகளை வீட்டிலோ சிறு பட்டறையிலோ பராமரிக்கத் தேவைப்படும் தனிப்பயன் கருவிகள் ஆகும். பெரும்பாலான வேலைகளுக்குப் பொதுவான ஸ்பானர்களும் திருப்புளியும் போதுமானவை. ஆனால் சக்கரக் குடம், பின் அச்சு, திசைமாற்றிக் கணு ஆகியவற்றை உரிய கருவியின்றிப் பிரித்தால் உறுப்புகள் சேதமடைவதுடன் ஊர்தியின் பாதுகாப்பும் குறைகிறது.

பின்னணி

மகிந்திரா நிறுவனம் 1947இல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பின்னர் சிஜே-3பி வகையையும் அதன் வழிவந்த பல வகைகளையும் இங்கேயே தயாரித்தது. சேலம், நாமக்கல் சமவெளியை ஒட்டிச் சேர்வராயன் மலையும் கொல்லி மலையும் அமைந்துள்ளன. சேலத்தில் இருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லி மலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. இத்தகைய இறக்கங்களில் நிறுத்திகளும் சக்கரத் தாங்கிகளும் தொடர்ந்து சூடேறுவதால் அவற்றின் பராமரிப்பு முதன்மை பெறுகிறது.

நாமக்கல் லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. லாரிகளின் சக்கரக் குடங்களுக்கும் பெரிய பாக்ஸ் ஸ்பானரும் புல்லரும் தேவை என்பதால், இவ்வகைக் கருவிகள் இப்பகுதிப் பட்டறைகளுக்குப் புதியவை அல்ல.

அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும்

வில்லிஸ் வழிவந்த சட்டம், அச்சு, பற்சக்கரப் பெட்டி ஆகியவற்றில் அங்குல அளவுத் திருகுகள் உள்ளன. பிற்கால வகைகள் சிலவற்றில் பொருத்தப்பட்ட பெஜோ டீசல் பொறியில் மில்லிமீட்டர் அளவுத் திருகுகள் உள்ளன. எனவே ஒரே ஊர்திக்கு இருவகை ஸ்பானர்களும் தேவைப்படலாம். 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர் ஆதலால் 19 எண் ஸ்பானர் அதற்குப் பொருந்தக்கூடும். ஆனால் 1/2 அங்குலம் 12.7 மில்லிமீட்டர் மட்டுமே. அதன் மீது 13 எண் ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

முதன்மைக் கருவிகள்

குட நட்டுப் பாக்ஸ் ஸ்பானர்: முன் சக்கரக் குடத்தினுள் இரண்டு அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட அறுகோண நட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் இடையே ஒரு பூட்டு வளையம் இருக்கும். இவை குழியினுள் இருப்பதால் மெல்லிய சுவர் கொண்ட, ஆழமான பாக்ஸ் ஸ்பானர் தேவை. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பின்னர் சுமார் ஆறில் ஒரு பங்கு சுற்றுத் தளர்த்துவது வழக்கம். மிகையாக இறுக்கினால் தாங்கி சூடேறிக் கிரீஸ் உருகும். அது நிறுத்தி உருளைக்குள் கசிந்தால் நிறுத்தி பிடிக்காது. உளியையும் சுத்தியலையும் கொண்டு இந்த நட்டைத் திருப்பினால் இறுக்கத்தைச் சரியாக அமைக்க இயலாது.

புல்லர்: சிஜே-3பி போன்ற வகைகளில் பின் அச்சின் நுனி கூம்பு வடிவானது. அதில் குடம் மிக இறுக்கமாக அமர்ந்திருக்கும். திருகு விசையால் குடத்தை வெளியே இழுக்கும் கருவியே புல்லர் ஆகும். குடம் திடீரெனத் தெறிக்காமல் இருக்க, அச்சு நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்றுகள் விட்டுவைக்க வேண்டும்.

வில் தராசு: திசைமாற்றிக் கணு எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்பதை இழுத்து அளக்க உதவுகிறது. குறைவாக இருப்பின் மெல்லிய தகடுகளைக் குறைத்துச் சரிசெய்வர். கணு தளர்ந்தால் ஓட்டத்தின்போது முன் சக்கரங்கள் கடுமையாக ஆடும்.

இடைவெளி அளவி: பட்டறைகளில் ஃபில்லர் கேஜ் எனப்படும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு. சிஜே-3பியின் ஹரிக்கேன் பெட்ரோல் பொறியில் உள்வாங்கு அடைப்பிதழுக்கு 0.018 அங்குலமும், வெளியேற்று அடைப்பிதழுக்கு 0.016 அங்குலமும் இடைவெளி வைக்கப்படும். தீப்பொறிச் செருகிக்கு 0.030 அங்குலம் ஆகும்.

பிற கருவிகள்: உந்து தண்டின் குறுக்கு மூட்டைக் கழற்ற வளையப் பூட்டுக் குறடும், மூட்டுகளுக்கு மசகிட கிரீஸ் கன்னும், குறித்த விசையில் இறுக்க டார்க் ரெஞ்சும் பயன்படுகின்றன.

பாதுகாப்பு

ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய ஊர்தியின் அடியில் செல்லக் கூடாது. சமதளத்தில் தாங்கு கால்களை நிறுத்தி, தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் இடப்புறச் சக்கர நட்டுகள் இடஞ்சுழித் திருகு கொண்டவை. அவற்றை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதனை அறியாமல் நீண்ட குழாய் செருகி அழுத்தினால் மரை முறியும். பழைய நிறுத்திப் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அத்தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பதிவுப் புதுப்பித்தல்

இந்தியச் சட்டப்படி தனியார் பயன்பாட்டு ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஊர்தி தகுதியுடன் இருப்பின் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஆகவே நிறுத்தியையும் திசைமாற்றியையும் முறையாகப் பராமரிப்பது, பழைய ஜீப் தொடர்ந்து சாலையில் ஓடுவதற்கும் அவசியமாகிறது.