காரணம் தெரியாத கவலை: அபூ ஸைத் அல்பல்கீயின் மனமருத்துவம்

“உனக்கு என்ன குறை? ஈமான் உறுதியாக இருந்தால் இந்தக் கவலை வருமா?” மனம் சோர்ந்து கிடப்பவரிடம் நம் வீடுகளில் பலர் கேட்கும் கேள்வி இது. நாமும் கேட்டிருக்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வேறு விதமாகச் சிந்தித்த முஸ்லிம் அறிஞர் ஒருவரை அப்போது நாம் அறிந்திருக்கவில்லை.

அபூ ஸைத் அல்பல்கீ இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியில் ஏறத்தாழ கி.பி. 850இல் பிறந்தார், இராக் சென்று தத்துவ அறிஞர் அல்கிந்தீயிடம் பயின்றார், 934இல் மறைந்தார். புவியியலாளராகவே பெரிதும் அறியப்பட்ட அவர் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்றொரு நூல் எழுதினார். உடல்களின் நலன், உள்ளங்களின் நலன் என்பது அதன் பொருள். உடல்நோய் சிலரை வாழ்நாளில் தீண்டாமலே போகலாம். ஆனால் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றிலிருந்து தப்பியவர் அரிது என்கிறார். அப்படியிருந்தும் மருத்துவர்கள் உள்ளத்தைப் பற்றி எழுதாமல் விட்டது அவருக்குக் குறையாகப் பட்டது.

துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது ஒன்று. காரணமே புலப்படாமல் நெஞ்சை அழுத்துவது மற்றொன்று. இரண்டாவதன் வேர் உடலில், இரத்தத்தின் நிலையில் இருக்கிறது என்று கருதி, அதற்கு உடலுக்கான மருத்துவத்தையும் பரிந்துரைக்கிறார். இரத்தம் பற்றிய அக்கால விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆயினும், “எல்லாம் இருந்தும் ஏன் அழுகிறாய்?” என்று கேட்கப்படும் பெண்ணுக்கு இந்தப் பகுப்பு எத்தனை பெரிய ஆறுதல்! அவளுடைய கண்ணீரை அவர் நோயின் பக்கத்தில் வைக்கிறார். குற்றத்தின் பக்கத்தில் அல்ல.

திடீர் நோய்க்காக வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நாள்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் கூறும் வழி. அது போதாதபோது, வெளியிலிருந்து ஒருவரின் அறிவுரை தேவை என்கிறார். உணர்ச்சியில் மூழ்கியவர் தன் சொல்லைவிடப் பிறர் சொல்லையே எளிதில் ஏற்பாராம். வஸ்வாஸால் வருந்துபவரைத் தனிமையில் விடலாகாது என்பதையும் வலியுறுத்துகிறார். ஒளூவை மீண்டும் மீண்டும் செய்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையை உடைய பெற்றோர் இந்த இடத்தில் சற்று நின்று வாசிப்பார்கள்.

இந்நூலின் கைப்பிரதி இஸ்தான்பூலின் அயாசோஃபியா நூற்சேகரிப்பில் இருந்தது. அதன் நகல் பதிப்பு 1984இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளிவந்தது. உள்ளம் பற்றிய பகுதியைச் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்.