கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபொன் காலென்

அருளாளர் கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபொன் காலென் (மார்ச் 16, 1878 – மார்ச் 22, 1946) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்க ஆயரும் கர்தினாலும் ஆவார். இவர் 1933 முதல் தம் இறப்பு வரை மியூன்ஸ்டர் மறைமாவட்டத்தின் ஆயராகப் பணியாற்றினார். மனநோயாளிகளையும் உடற்குறை உடையோரையும் நாசி அரசு இரகசியமாகக் கொன்று வந்ததை, 1941-ஆம் ஆண்டில் தம் மறையுரை ஒன்றில் வெளிப்படையாகக் கண்டித்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். இதன் காரணமாக "மியூன்ஸ்டரின் சிங்கம்" என்னும் சிறப்புப் பெயர் இவருக்கு வழங்கலாயிற்று. 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று இவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையில் இது புனிதர் பட்டத்திற்கு முந்திய படிநிலை ஆகும்.

பிறப்பும் கல்வியும்

காலென், வடமேற்கு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பகுதியில் உள்ள டிங்க்லாகெ கோட்டையில் ஓர் உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளுள் இவர் பதினோராவது குழந்தை. தந்தை ஃபெர்டினாண்ட் ஹெரிபர்ட், கத்தோலிக்கர்களின் அரசியல் கட்சியாக விளங்கிய சென்டர் கட்சியின் சார்பில் ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தாயார் எலிசபெத் ஃபொன் ஷ்பே. தொழிலாளர் நலனுக்காகக் குரல் கொடுத்த மைன்ஸ் நகர ஆயர் வில்ஹெல்ம் இம்மானுவேல் ஃபொன் கெட்டலர் இக்குடும்பத்தின் உறவினர் ஆவார்.

அக்காலத்தில் ஜெர்மனியில் இயேசு சபைக்குத் தடை இருந்தது. எனவே காலென் ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ஹ் நகரில் அச்சபையினர் நடத்திய பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னர் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழகத்திலும், இன்ஸ்புரூக் நகரிலும், மியூன்ஸ்டர் குருமடத்திலும் பயின்று, 1904-ஆம் ஆண்டு மே 28 அன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

குருப்பணி

1906 முதல் 1929 வரை இருபத்து மூன்று ஆண்டுகள் இவர் பெர்லின் நகரில் பணியாற்றினார். முதல் உலகப் போரும், அதன் பின்னர் வந்த பஞ்சமும், பணவீக்கமும் இக்காலத்தில் நிகழ்ந்தவை. 1929-இல் மியூன்ஸ்டர் நகருக்குத் திரும்பி, புனித லம்பெர்ட்டி ஆலயத்தின் பங்குத்தந்தையானார்.

அரசியலில் காலென் பழமைவாதியாகவும் தீவிர தேசப்பற்றாளராகவும் இருந்தார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கை அநீதியானது என்று கருதினார். பொதுவுடைமைக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். இவரது பிற்காலச் செயல்களைப் புரிந்து கொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

ஆயர் பணி

1933-ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று ஹிட்லரின் அரசுக்கும் திருப்பீடத்திற்கும் இடையே ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று காலென் மியூன்ஸ்டர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவ்வுடன்படிக்கைக்குப் பின் ஜெர்மனியில் பதவியேற்ற முதல் ஆயர் இவரே. புகழ்ச்சிக்கும் அச்சத்திற்கும் இணங்கேன் என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரைத் தம் விருதுவாக்காகத் தேர்ந்து கொண்டார்.

1934-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கான ஆயர் மடலில், நாசிக் கொள்கையாளர் ஆல்ஃபிரட் ரோசன்பெர்க் பரப்பிய இனவாதக் கோட்பாட்டைக் கண்டித்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பரில் ஓல்டன்பர்க் பகுதிப் பள்ளிகளிலிருந்து சிலுவைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. மக்களின் கடும் எதிர்ப்பினால் அவ்வாணை அம்மாத இறுதிக்குள் திரும்பப் பெறப்பட்டது. 1937-ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை பதினோராம் பயஸ் உரோமைக்கு அழைத்த ஐந்து ஜெர்மன் ஆயர்களுள் காலெனும், இவரது உறவினரான பெர்லின் ஆயர் கொன்ராட் ஃபொன் பிரைசிங்கும் அடங்குவர். அவ்வாண்டு மார்ச் மாதம் வெளிவந்த, நாசி ஆட்சியைக் கண்டிக்கும் சுற்றுமடலின் தயாரிப்பில் இவர்கள் பங்கு கொண்டனர்.

"டி4" கொலைத் திட்டம்

உடல், மனக் குறைபாடு உடையோரைப் "பயனற்றவர்கள்" எனக் கருதி அழிக்கும் திட்டத்தை ஹிட்லரின் அரசு 1939-இல் தொடங்கியது. பெர்லினில் அதன் அலுவலகம் இருந்த தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் கொண்டு இது "டி4" என அழைக்கப்படுகிறது. "கருணைக்கொலை" என்று கூறப்பட்ட போதிலும், கொல்லப்பட்டவர்களின் இசைவு எங்கும் பெறப்படவில்லை. மருத்துவமனைகளிலிருந்து படிவங்கள் பெறப்பட்டு, நோயாளியைப் பார்க்காமலேயே மருத்துவர்கள் முடிவெடுத்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் கிராஃபனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹாடமார் ஆகிய ஆறு மையங்களில் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். உறவினர்களுக்குப் பொய்யான இறப்புக் காரணத்துடன் கடிதம் அனுப்பப்பட்டது. 1941 ஆகஸ்ட் வரை இவ்வாறு கொல்லப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டோர் என அத்திட்டத்தின் ஆவணமே காட்டுகிறது.

காலெனுக்கு இச்செய்தி 1940-ஆம் ஆண்டிலேயே எட்டியது. எனினும் அரசுக்குக் கடிதங்கள் வழியாக எதிர்ப்புத் தெரிவிப்பதே சரி என்று ஆயர்களின் தலைவரான கர்தினால் பெர்ட்ராம் கருதினார். அக்கடிதங்களால் பயன் விளையவில்லை.

1941-ஆம் ஆண்டு மறையுரைகள்

1941 ஜூலை தொடக்கத்தில் மியூன்ஸ்டர் நகரம் தொடர் குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்தது. அந்நிலையில் ஜூலை 12 அன்று கெஸ்டாப்போ எனப்படும் இரகசியக் காவல்துறை அந்நகரின் இயேசு சபை இல்லங்களைக் கைப்பற்றித் துறவியரை வெளியேற்றியது. மறுநாள் புனித லம்பெர்ட்டி ஆலயத்தில் பேசிய காலென், விசாரணையின்றி எவரையும் சிறையிலடைக்கும் கெஸ்டாப்போவின் அதிகாரத்தைக் கண்டித்து நீதி கோரினார். ஜூலை 20 அன்று மற்றோர் ஆலயத்தில், மக்கள் சம்மட்டியாக அன்றிப் பட்டடைக்கல்லாக உறுதியுடன் இருக்க வேண்டும் என்று பேசினார்.

மூன்றாவது மறையுரை ஆகஸ்ட் 3 அன்று மீண்டும் லம்பெர்ட்டி ஆலயத்தில் நிகழ்த்தப்பட்டது. மியூன்ஸ்டர் அருகே உள்ள மரியென்டால் மனநல மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் கொண்டு செல்லப்படுவதைக் காலென் வெளிப்படுத்தினார். கொலை செய்வது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 211-ஆம் பிரிவின்படி குற்றம் என்றும், கொலைத் திட்டம் ஒன்றை அறிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என 139-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது என்றும் சுட்டிக்காட்டினார். அச்சட்டத்தின்படியே ஜூலை 28 அன்று அரசு வழக்குரைஞரிடம் தாம் எழுத்து மூலம் புகார் அளித்ததாக அறிவித்தார். அரசின் சட்டத்தைக் கொண்டே அரசைக் குற்றம் சாட்டியது இம்மறையுரையின் தனித்தன்மை ஆகும்.

உழைக்க இயலாத மனிதரைப் பழுதடைந்த இயந்திரத்தைப் போலவோ நொண்டிக் குதிரையைப் போலவோ ஒதுக்கி அழிக்கலாம் என்ற கோட்பாடு ஒருமுறை ஏற்கப்பட்டால், நாளை முதியோரும், தொழிலில் உடல்நலம் இழந்தோரும், போர்முனையில் ஊனமடைந்து திரும்பும் வீரர்களும் அதே கதிக்கு ஆளாவர் என்று இவர் எச்சரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் போர்முனையில் இருந்த காலத்தில், இவ்வாதம் மக்களின் உள்ளத்தை நேரடியாகத் தொட்டது.

விளைவுகள்

மறையுரைகள் தட்டச்சு செய்யப்பட்டும் கையால் எழுதப்பட்டும் நாடெங்கும் இரகசியமாகப் பரவின. பிரித்தானிய வானூர்திகள் அவற்றைத் துண்டுப் பிரசுரங்களாக வீசின. காலெனைத் தூக்கிலிட வேண்டும் என நாசிக் கட்சியில் சிலர் வலியுறுத்தினர். ஆனால் அவ்வாறு செய்தால் மியூன்ஸ்டர் நகரம், ஏன் வெஸ்ட்ஃபாலியா பகுதி முழுவதுமே, போர்க்கால ஆதரவை விலக்கிக் கொள்ளும் எனப் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் அஞ்சினார். போர் முடிந்த பின் கணக்குத் தீர்ப்பது என்று ஹிட்லர் முடிவு செய்தார்.

ஆயரைத் தொட இயலாத அரசு மற்றவர்களைத் தண்டித்தது. அவரது மறைமாவட்டக் குருக்கள் பலர் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, சிலர் அங்கேயே இறந்தனர். மறையுரையின் படிகளைப் பரப்பியோருள் லூபெக் நகரின் கத்தோலிக்கக் குருக்களான பிரசெக், மியூல்லர், லாங்கெ ஆகிய மூவரும், லூத்தரன் போதகரான ஷ்டெல்பிரிங்கும் அடங்குவர். இந்நால்வரும் 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில் தலை வெட்டிக் கொல்லப்பட்டனர். காலெனின் மறையுரையை ஆதரித்து அரசுக்குக் கடிதம் எழுதிய பெர்லின் குரு பெர்ன்ஹார்ட் லிஷ்டன்பெர்க், வதை முகாமுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் 1943-இல் இறந்தார். மியூனிக் நகரின் "வெள்ளை ரோசா" மாணவர் குழுவினரையும் இம்மறையுரை ஊக்குவித்தது.

1941 ஆகஸ்ட் 24 அன்று டி4 திட்டத்தை நிறுத்துமாறு ஹிட்லர் ஆணையிட்டார். பரவி வந்த மக்களின் அதிருப்தி இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆயினும் கொலைகள் ஓயவில்லை. நச்சு வாயுவுக்குப் பதிலாகப் பட்டினியாலும் மிகையான மருந்தாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே அவை போர் முடியும் வரை தொடர்ந்தன. டி4 பணியாளர்கள் பலர் போலந்தில் யூதர்களைக் கொல்ல அமைக்கப்பட்ட பெல்செக், சோபிபோர், திரெப்ளிங்கா முகாம்களுக்கு மாற்றப்பட்டனர்.

விமர்சனங்கள்

காலென் யூதர்கள் மீதான கொடுமைகளை இதே போன்று பகிரங்கமாகக் கண்டித்ததில்லை. 1938 நவம்பரில் யூதத் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்ட போதும், 1941 டிசம்பர் 13 அன்று மியூன்ஸ்டர் யூதர்கள் ரீகா நகருக்கு நாடு கடத்தப்பட்ட போதும் இவரது குரல் பொதுவெளியில் எழவில்லை. சோவியத் ஒன்றியத்திற்கு எதிரான போரைப் பொதுவுடைமைக்கு எதிரான போராக இவர் ஆதரித்தார். ஒரு மறையுரை எவ்வளவு தூரம் எட்டக்கூடும் என்று காட்டியவரே மற்றொரு தருணத்தில் பேசாதிருந்தது, இவரைப் பற்றிய ஆய்வுகளில் தொடர்ந்து எழுப்பப்படும் கேள்வியாகும். மனித உயிர் எதுவும் பறிக்கப்படலாகாது என்ற இவரது வாதம் அனைவருக்கும் பொருந்துவதே என்று இவரை ஆதரிப்போர் கூறுவர்.

இறுதிக் காலம்

1943 அக்டோபர் 10 அன்று நடந்த குண்டுவீச்சில் மியூன்ஸ்டர் பேராலயமும் ஆயர் இல்லமும் அழிந்தன. போருக்குப் பின் பிரித்தானிய ஆட்சியாளர்களிடமும் காலென் பணிந்து போகவில்லை. மக்களின் பட்டினி, ஒழுங்கின்மை ஆகியவற்றுக்காக அவர்களிடம் முறையிட்டார்.

1946 பிப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவரையும், பெர்லின் ஆயர் பிரைசிங், கொலோன் பேராயர் ஃபிரிங்ஸ் ஆகியோரையும் கர்தினால்களாக உயர்த்தினார். மார்ச் 16 அன்று, தம் 68-ஆம் பிறந்த நாளில், இடிபாடுகளிடையே திரண்ட மக்களின் வரவேற்புடன் காலென் மியூன்ஸ்டர் திரும்பினார். ஆறு நாட்களில், குடல்வால் வெடித்ததனால் காலமானார். சிதைந்திருந்த பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அருளாளர் பட்டம்

அருளாளர் பட்டத்திற்கான பணிகள் 1956-இல் தொடங்கின. 1987-ஆம் ஆண்டு மே 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரது கல்லறையில் இறைவேண்டல் செய்தார். குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடிய இந்தோனேசியச் சிறுவன் ஒருவன் இவரது பரிந்துரையால் 1995-இல் நலமடைந்ததாகத் திருச்சபை ஏற்றது. 2005 அக்டோபர் 9 அன்று உரோமையின் புனித பேதுரு பெருங்கோவிலில் கர்தினால் சரைவா மார்ட்டின்ஸ் இவரை அருளாளராக அறிவித்தார். லூபெக் குருக்கள் மூவருக்கும் 2011-இல் அப்பட்டம் வழங்கப்பட்டது.

காலெனின் நினைவு நாள் மார்ச் 22 ஆகும்.