ஈத்தர்நெட்டில் முன்னுரிமை

1973இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் ஈத்தர்நெட் உருவானபோது அதில் முன்னுரிமை என்பதே இல்லை. கம்பி காலியாக இருந்தால் எந்தக் கணினியும் தரவை அனுப்பலாம். இரண்டு மோதினால் இரண்டும் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்நெட், சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்தபோது முதலில் பயன்பட்டது மின்னஞ்சலுக்கே. மடல் சற்றுத் தாமதித்தால் கேடில்லை. குரல் அப்படியன்று, பேச்சு துண்டு துண்டாகிவிடும்.

இதற்காக 1998இல் வந்த ஐ.இ.இ.இ. தரத்தில் முன்னுரிமை எண்ணுக்கு 3 பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். விந்தை என்னவெனில், கடைசி இடம் 0க்கு அன்று, 1க்கு! 0 என்பது சாதாரணப் போக்குவரத்து.

திருக்கோகர்ணத்தில் ஒரு மாணவர் தம் கணினியின் பிணைய அட்டையில் இவ்வமைப்பை இயக்கினாலும் அது வேண்டுகோள் மட்டுமே. வழியிலுள்ள சுவிட்ச் ஏற்க வேண்டும். எல்லோரும் 7 இட்டுக்கொள்ளக்கூடும் என்பதால், பயனர் கணினி இடும் எண்ணை நம்பாமல் 0 ஆக்கிவிடும் சுவிட்சுகளும் உண்டு.