உறையில்லாத கத்தி: சப்ரகமுவவில் எஞ்சியிருக்கும் பயனெட்டுகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டமொன்றில், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பேசிக்கொண்டிருக்கையில் கொல்லைப்புறத்தில் யாரோ மரவள்ளிக் கிழங்கு கிண்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கிண்டிக்கொண்டிருந்தவரின் கையில் இருந்தது கத்தியுமல்ல, அலவாங்குமல்ல. ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைந்த நேரான அலகு, மரப்பிடி, பிடியின் அடியில் இரும்புக் குமிழ். அது ஒரு பிரித்தானியப் பயனெட்.

"பங்களாவுல கெடந்ததுங்க. அப்பா அங்க அப்புவா வேலை செஞ்சாரு. தொர போகும்போது வச்சிட்டுப் போன சாமான்" என்றார் வீட்டுக்காரர். உறை எங்கே என்று கேட்டேன். "தோல்தானுங்களே, கறையான் தின்னுப் போச்சு" என்றார்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் 'துப்பாக்கிமுனையில் கொள்ளை' என்று தலைப்பிட்டே காலம் கழிக்கிறோம். துப்பாக்கியின் முனையில் பொருத்தப்பட்டிருந்த இந்த இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எம்மில் குறைவு. அன்று அதை வாங்கிக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் எழுத்து இருந்தது.

உலகெங்கும் பழைய பயனெட்டுகளைச் சேகரிப்போர் முதலில் பார்ப்பது, அலகு பிடியோடு சேரும் இடத்திலுள்ள தட்டையான பகுதியைத்தான். ஒரு பக்கத்தில் முடிச்சின்னம், அதன் கீழே அரசரின் எழுத்துகள், பின்னர் 1907 என்ற எண், மாதமும் ஆண்டும், செய்த நிறுவனத்தின் பெயர் என்பன இருக்கும். பலர் 1907 என்பதைச் செய்த ஆண்டு என்று எண்ணி ஏமாறுவர். அது மாதிரியின் பெயர் மட்டுமே. செய்யப்பட்ட காலத்தைச் சொல்வது அதன் கீழுள்ள சிறிய எண்கள். நான் பார்த்ததில் ஜி.ஆர். என்ற எழுத்துகளும், 5, 16 என்ற எண்களும், வில்கின்சன் என்ற பெயரும் இருந்தன. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில், 1916 மே மாதத்தில், முதலாம் உலகப் போரின் நடுவே பிறந்த இரும்பு அது. மறுபக்கத்தில் அரச உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறியும், அலகை வளைத்துச் சோதித்ததற்கு அடையாளமான பெருக்கல் குறியும் மங்கலாகத் தெரிந்தன.

இந்த மாதிரியின் அலகு 17 அங்குலம். ஜப்பானியரின் அரிசாக்கா றைபிளுக்குரிய பயனெட்டைப் பார்த்துப் பிரித்தானியர் உருவாக்கியது. தொடக்கத்தில் பிடிக்கருகே கொக்கி ஒன்று இருந்தது. 1913இல் அதைக் கைவிட்டனர். ஆகவே கொக்கியோடு கிடைக்கும் பயனெட்டுக்கு இன்று சேகரிப்போரிடையே விலை அதிகம். இந்தியாவின் இஷாப்பூர்த் தொழிற்சாலையிலும் இவை செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு அலகை 12 அங்குலமாகக் குறைத்தனர்.

ஆனால் என் ஆவல் வேறொன்றில் இருந்தது. பிடியின் குமிழில் படைப்பிரிவின் சுருக்கெழுத்தும் ஆயுத எண்ணும் பொறிக்கப்படுவதுண்டு. இக்கத்தி எந்தப் படைக்குரியது என்பதை அது சொல்லியிருக்கும். அந்த வீட்டில் பல ஆண்டுகளாகக் குமிழைச் சுத்தியலாகப் பயன்படுத்தி ஆணி அடித்திருக்கிறார்கள். எழுத்து முற்றாக நசுங்கிப் போயிருந்தது.

இரும்பு சொல்லாததை வரலாற்றிடம்தான் கேட்க வேண்டும்.

சப்ரகமுவ மண் பயனெட்டை அறிந்தது தேயிலைக்கும் இறப்பருக்கும் முன்னரே. 1803இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை அவ்வாண்டு யூன் மாதத்தில் அழிக்கப்பட்டது. 1814இல் சப்ரகமுவத் திசாவையான எஹெலேபொல, கண்டி மன்னருக்கெதிராகக் கிளர்ந்து, தோற்று, பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தார். 1815 சனவரியில் சீதாவாக்கைப் பக்கமாக ஆங்கிலப் படை எல்லை கடந்தது. அப்படையினரின் துப்பாக்கிகளில் இருந்தது முக்கோண வடிவ ஊசி போன்ற பயனெட். குழாயின் வாயில் வளையமாக மாட்டித் திருப்பிப் பூட்டுவது. பெப்ரவரி 18ஆம் திகதி மன்னர் சிறீ விக்கிரம இராசசிங்கன் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகியது. நாயக்கர் வமிசத்து இறுதி மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். இந்த மார்ச் 2 என்ற திகதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் திரும்பவும் வரும்.

1815இன் பயனெட்டைக் கொண்டுவந்தவர்கள் கூலிக்குப் போரிட்ட படையினர். ஒரு நூற்றாண்டின் பின்னர் அதை ஏந்தியவர்களோ தோட்டத்துத் துரைமாரே. 1900ஆம் ஆண்டில், போயர் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை என்ற தொண்டர் படை அமைக்கப்பட்டது. கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட இப்படையில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் அவர்களைச் சார்ந்த ஐரோப்பியரும் சேர்ந்தனர். வாரநாட்களில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் துரை, பயிற்சி நாளில் காக்கி உடையில் றைபிளோடு நின்றார். வேலை கொடுப்பவரும், சம்பளம் வெட்டுபவரும், ஆயுதம் தாங்கியவரும் ஒருவரே என்ற நிலையை லயத்தில் இருந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

முதலாம் உலகப் போர் வெடித்ததும், இப்படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 ஏனைய தரத்தினரும் 1914இன் இறுதியில் எகிப்துக்குக் கப்பலேறினர். பலர் பின்னர் பிரித்தானியப் படைகளில் அதிகாரிகளாயினர். எஞ்சியவர்களிற் சிலர் 1915இல் கலிப்பொலியில், அவுஸ்திரேலிய நியூசிலாந்துப் படைகளின் தளபதி பேர்ட்வூட்டின் மெய்க்காவற் பிரிவாகக் கடமையாற்றினர்.

அதே 1915இல், ஊரில் இருந்தவர்களுக்கு வேறு வேலை வந்தது. மே 28ஆம் திகதி வெசாக்கின்போது கண்டியில் முஸ்லிம்களுக்கெதிராக மூண்ட கலவரம் சப்ரகமுவ உட்படப் பல மாகாணங்களுக்குப் பரவியது. கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன; உயிர்கள் பறிபோயின. யூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாகி ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. பஞ்சாபிப் படையினரோடு தோட்டத்துரைமாரும் பிற ஐரோப்பியத் தொண்டர்களும் கிராமங்களுக்குள் இறக்கப்பட்டனர். கலவரம் ஓய்ந்த பின்னரும் விசாரணையின்றிச் சிலர் சுடப்பட்டனர் என்பதே அக்காலத்தின் பெருங்குற்றச்சாட்டு. சட்டநிரூபண சபையில் எழுந்து நின்று இதைக் கேட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்தவற்றைத் திரட்டி அவர் எழுதிய ஆங்கில நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. அந்நூல் வெளியான அதே ஆண்டில் செய்யப்பட்ட பயனெட்டைத்தான் நான் மரவள்ளிக் குழியருகே கண்டேன்.

அது அந்தப் படைக்குரியதுதான் என்று நான் அடித்துச் சொல்லப் போவதில்லை. குமிழின் எழுத்து இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் இலங்கை பெரும் படைத்தளமாயிற்று. அப்போது வந்து தங்கிவிட்டதாகவும் இருக்கலாம். துரைமார் றைபிள் படை, சுதந்திர இலங்கையின் தரைப்படை உருவான 1949இல் கலைக்கப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. போனவர்கள் பெட்டிகளோடு போயினர். பெட்டிக்குள் அடங்காதவை பங்களாவில் தங்கின. அப்படித் தங்கியதில் ஒன்று அப்புவின் வீட்டுக்கு வந்தது.

இவற்றைத் தேடிச் சேர்ப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவது, தேய்க்காதீர்கள். அரத்தாளால் பளபளக்கச் செய்யும்போது அழிவது துரு மட்டுமல்ல; ஆண்டும், அம்புக்குறியும், படையின் பெயரும் சேர்ந்தே அழிகின்றன. மெல்லிய இயந்திர எண்ணெயும் மென்துணியும் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். இரண்டாவது, பழைய தோலுறை கிடைத்தால் அலகை அதற்குள் செருகி வைக்காதீர்கள். இரத்தினபுரிப் பக்கத்து ஈரத்தைத் தோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலிலுள்ள அமிலமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். உறையும் கத்தியும் அருகருகே, தனித்தனியே இருக்கட்டும். தோல் உக்கினாலும் உறையின் வாயிலும் நுனியிலும் உள்ள உருக்குப் பூண்கள் எஞ்சும். அவற்றை எறிந்துவிடக் கூடாது. மூன்றாவது, யாருடைய வீட்டில், என்ன கதையோடு கிடைத்தது என்பதை அன்றே எழுதி வையுங்கள். இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஒரு பொருளுக்குத் தனிமதிப்பைத் தருவது அந்தக் கதைதான்.

இனி அந்த மார்ச் 2. இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டபோது, தொல்பொருள் எது என்பதற்கு ஓர் எல்லைக்கோடு கீறப்பட்டது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவையே தொல்பொருள். கண்டி இராச்சியம் வீழ்ந்த நாளோடு பழமை முடிந்தது என்று அதற்குப் பொருள். மன்னரை வீழ்த்திய பயனெட் கோட்டுக்கு அப்பால் நின்றது. துரைமாரின் பயனெட் இப்பால் நின்றது.

பயனெட்டுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. இலண்டனிலும் கன்பராவிலும் அதற்கு அருங்காட்சியகங்கள் உண்டு, ஆர்வலர் உண்டு, ஆண்டையும் மாதத்தையும் சொல்லும் நூல்கள் உண்டு. என்னை உறுத்துவது வேறு. தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்த மக்களின் வரலாறு முழுவதும் 1815க்கு இப்பாலேயே கிடக்கிறது. லயக் காம்பரா, கவ்வாத்துக் கத்தி, கப்பலில் வந்தவரின் கழுத்தில் தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்துத் தொங்கிய தகர வில்லை, எதுவுமே அந்தக் கோட்டின்படி பழமை ஆகாது. சட்டத்தின் கண்ணுக்குத் தப்பியவற்றை மக்களே காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறினர். எஞ்சியோரிற் பலரின் லயங்கள் 1977இலும், 1981இல் இரத்தினபுரி மாவட்டத்திலும், 1983இலும் தீக்கிரையாகின. மூன்று முறை ஓடியவர் கையில் என்ன எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்?

அன்று புறப்படுமுன் அந்த வீட்டுக்காரர் இன்னொன்று சொன்னார். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பயனெட்டுக்கு விலை பேசினாராம். அது செருகியிருந்த கூரை இடுக்கிலேயே வேறொரு கத்தியும் இருந்தது. வந்தவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் செருகிவிட்டாராம். காட்டுங்கள் என்றேன். கொண்டுவந்தார். நுனி மடிந்த சிறிய கத்தி. தோட்டத்தில் மிச்சி கொலெட்ஜ் என்று துரைமார் வழங்கிய பால்வெட்டுக் கத்தி. "அம்மாவுது" என்றார்.

விடியுமுன் எழுந்து ஒரு நாளில் இருநூறு முந்நூறு மரங்களில் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்த கத்தி அது. சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த ஒரு மில்லிமீற்றரை இருட்டில் கையால் அறிந்திருந்தார் அத்தாய். கத்தியின் மரப்பிடி அவருடைய பெருவிரல் பதிந்து குழிந்திருந்தது. தொழிற்சாலை முத்திரையைவிடத் தெளிவாக இருந்தது அந்தப் பதிவு.

துரையின் கத்தியில் ஆண்டும் அரசரும் உண்டு, ஏந்தியவரின் பெயர் இல்லை. அம்மாவின் கத்தியில் எழுத்து எதுவும் இல்லை, ஆனால் யாருடையது என்று சொல்ல மகன் இருக்கிறார். அவருக்குப் பின் சொல்ல ஆள் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. பயனெட்டை விற்பதும் விற்காததும் உங்கள் விருப்பம், விற்றால் கதையையும் எழுதிக் கொடுங்கள் என்றேன். மற்றதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் படம் பிடித்தேன்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழகத்திலும் இருந்து இதை வாசிப்பவர்களில் தோட்டத்து வேர் உள்ளவர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படியொரு கத்தியோ தகர வில்லையோ பற்றுச்சீட்டோ கிடக்கலாம். அதன் பக்கத்தில் ஒரு தாளை வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. மூன்று வரி போதும்.