பெயர் பழையது, உள்ளே இருப்பது வேறு

பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுப் பாவிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு வரலாறு. பெற்றோரும் வாசிக்கலாம்.

கணினியை ஒன் பண்ணியதும் லினக்ஸின் கருவான கேர்னல் நினைவகத்தில் ஏறுகிறது. வன்தட்டை வாசிக்க அதற்கு இயக்கி மென்பொருள் தேவை. அந்த இயக்கியோ வன்தட்டுக்குள் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். எல்லா இயக்கிகளையும் கேர்னலுக்குள்ளேயே திணித்தால் அது ஊதிப் பெருத்துவிடும்.

1996இல் வேர்னர் அல்மெஸ்பேர்கரும் ஹான்ஸ் லெர்மனும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். தேவையான இயக்கிகளை ஒரு குட்டித் தட்டின் பிரதியாக்கிச் சுருக்கி, கேர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுவது. நினைவகத்தின் ஒரு பகுதி தட்டுப்போல நடிக்கும். 'ஆரம்ப ரெம் டிஸ்க்' என்ற பொருளில் அதற்கு 'இனிட்ஆர்டி' என்று பெயர் வந்தது.

ஆனால் அந்தத் தட்டின் அளவு மாறாது. அதை வாசிக்கவும் ஒரு கோப்பு முறைமை இயக்கி கேர்னலில் இருந்தாக வேண்டும். நினைவகமும் வீணானது.

2002இன் இறுதியில் அல் வீரோவின் உழைப்பால் 'இனிட்ரெம்எப்எஸ்' வந்தது. இது தட்டின் பிரதி அல்ல. 'சிபிஐஓ' என்ற பழைய யுனிக்ஸ் முறையில் கட்டிய கோப்புப் பொதி. கேர்னல் அதை நேரே நினைவகத்தில் அவிழ்த்து, உள்ளே இருக்கும் 'இனிட்' நிரலை முதல் நிரலாக ஓடவிடும். 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்போடு இது நிலைபெற்றது.

பொருள் மாறியது, பெயர் போகவில்லை. உபுண்டுவில் அந்தக் கோப்பின் பெயர் இன்னும் 'இனிட்ஆர்டி' என்றே தொடங்கும். உள்ளே இருப்பதோ இனிட்ரெம்எப்எஸ். அதைத் திறந்து பார்க்கும் கட்டளை 'எல்எஸ்இனிட்ரெம்எப்எஸ்'. பெடோராவில் தலைகீழ்: கோப்புக்குப் புதுப் பெயர், கட்டளை 'எல்எஸ்இனிட்ஆர்டி'.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. பழைய குறிப்பை நம்பி அந்தக் கோப்பைத் தட்டுப்போல இணைக்கப் பார்க்கும் பிள்ளைக்குப் பிழைச் செய்திதான் வரும். கோப்பு பழுதென்று எண்ணி எல்லாவற்றையும் அழித்து மீள நிறுவினால், சேமித்த பாடக்குறிப்புகளும் போய்விடும்.

கேர்னல் பெயரைப் பார்ப்பதே இல்லை. முதலில் பொதியாக அவிழ்த்துப் பார்க்கும். முடியாவிட்டால்தான் பழைய தட்டுப் பிரதியாக எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளே, நீங்களும் அழிக்க முன் ஒருமுறை உள்ளே திறந்து பாருங்கள்.