ஒட்டுக்கன்றும் உரைதிருத்தியும்

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள் ஒட்டுக்கட்டும் முறையை நன்கு அறிவர். விதையில் முளைத்த நாற்றின் பட்டையைத் திறந்து, மிகுதியாகப் பால் சுரக்கும் மரத்தின் மொட்டினை அதில் பதிப்பர். வேர் பழையது, பயன் தருவது புதியது. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் வேண்டாத தளிரைக் கிள்ளாது விட்டால் ஒட்டு நலிந்துபோகும். கணினி நிரல் எழுதுவோர் கையாளும் உரைதிருத்திகளின் வரலாறும் இத்தகையதே.

1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், டெக்கோ என்னும் பழைய திருத்தியின்மேல் கட்டளைத் தொகுதிகள் பல சேர்க்கப்பட்டன. அச்சேர்க்கையே ஈமேக்ஸ் எனப் பெயர் பெற்றது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு ஈமேக்ஸ், பயனர் தாமே புதிய கட்டளைகளை எழுதிச் சேர்க்க வழிவகுத்தது. பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய வீஐ திருத்தியின் வழியில், நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலனார் 1991இல் விம் திருத்தியை வெளியிட்டார். இவ்வாறு மூலக்கருவியோடு இணையும் சிறு நிரல்களையே செருகுநிரல்கள் என்கிறோம்.

இத்திருத்திகள் யாவும் உரோமன் எழுத்தை மனத்திற்கொண்டு பிறந்தவை. தமிழ் அவற்றுள் ஒட்டாகவே புகுந்தது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய முரசு, கணினியில் தமிழ் எழுதும் வழியைப் பலருக்குத் திறந்தது. பின்னர் 1990களின் இறுதியில், பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல்வழி கலந்து பேசித் திஸ்கி என்னும் குறியீட்டு முறையை அமைத்தனர். அதில் 256 இடங்களுள் முதற்பாதி உரோமன் எழுத்துக்கும் பிற்பாதி பெரும்பாலும் தமிழுக்கும் உரியன.

2001இல் வெளிவந்த விம் 6ஆம் பதிப்பு, விசைப்பலகை வரைவு என்னும் வசதியைத் தந்தது. இதன் சிறப்பு கருதத்தக்கது. விம் திருத்தியில் எழுதும் நிலை வேறு, கட்டளையிடும் நிலை வேறு. கணினி முழுவதற்கும் தமிழ் விசையை அமைத்துக்கொண்டால், கட்டளை நிலைக்கு மீண்டவுடன் உரோமன் எழுத்தாலான கட்டளைகள் இயங்கா. திருத்திக்குள்ளேயே அமையும் வரைவோ எழுதும் நிலையில் மட்டும் தமிழைத் தந்து, கட்டளை நிலையில் ஒதுங்கி நிற்கும். திஸ்கி முறைக்குரிய தமிழ் வரைவு ஒன்றும் விம் தொகுப்பில் இடம்பெற்றது.

ஆயினும் காலம் மாறியது. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, உலகப் பொதுமுறையாக வேரூன்றியது. திஸ்கியில் எழுதிய கோப்பினை ஒருங்குறி எனக் கருதித் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். வரைவு அப்படியே இருந்தது. அது ஒட்டியிருந்த அடிமரம் மாறிவிட்டது. மாற்றி எழுதப்படாத கட்டுரைகளும் வினாத்தாள்களும் படிக்க இயலாதனவாயின. ஒட்டினைச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அதனைப் பேணுவதோ ஓயாத கடமை.

இவ்வுண்மையை உணர்ந்தே பிற்காலத் திருத்திகள் மேலாண்மை முறைகளை வகுத்தன. 2012இல் வந்த ஈமேக்ஸ் 24ஆம் பதிப்பு, செருகுநிரல்களைப் பெறவும் நீக்கவும் ஓர் ஒழுங்கினைத் தன்னுள்ளேயே கொண்டது. 2016இல் வந்த விம் 8ஆம் பதிப்பு அவற்றை இருவகை அடைவுகளில் வைக்கச் செய்தது. ஒன்றிலுள்ளவை தொடக்கத்திலேயே இயங்கும், மற்றதிலுள்ளவை அழைத்தால் மட்டும் வரும். அமைப்புகளை எளிய உரைக்கோப்பாக எழுதிவைப்பதால், ஒருவர் அமைத்ததை மற்றொருவர் படித்தறியவும் திருத்தவும் முடிகிறது.

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ கணினி பயிலும் தமிழ் மாணவர்க்கு இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. தேவையானதை மட்டும் சேர்த்தல், பயனற்றதைக் களைதல், அடித்தளம் மாறும்போது எழுதியவற்றையும் உடன் மாற்றிவைத்தல் ஆகிய மூன்றும் தவறினால், தமிழில் எழுதப்பட்டது தமிழர்க்கே எட்டாமற் போகும். தோட்டத்தில் ஒட்டுக்கட்டிய முன்னோர் கன்றை நட்டதோடு நின்றுவிடவில்லை; நாள்தோறும் அதன் அடியைப் பார்த்து வந்தனர்.